மரப் பரல்ல (பீப்பாவில) ஊறின ஸ்ரவுட், பார்லிவைன் எண்டு கடும் பியர் 6 போத்தல் கிடக்கு, வைக்கிறதா குடிக்கிறதா?

இரணைமடுப்பெடியன்:
அண்ணையாக்கள் ஒரு விளக்கம் வேணும். ரொறன்ரோவில இருந்து வந்து நிண்ட அத்தான் போகேக்க 6 போத்தல் பியர் விட்டிட்டுப் போட்டார். எனக்கு எங்கட லயன் ஸ்ரவுட் எண்ட கறுப்புப் பியருக்கு அங்கால ஒண்டும் தெரியாது, அதின்ர 8.8 வீத அற்ககோலுக்கே ரெண்டாவது போத்தல் திறக்க யோசிக்கிற ஆள் நான், இதில 14க்குக் கிட்டப் போட்டிருக்கு. ரெண்டு போத்தல் கூஸ் ஐலண்ட் எண்ட அமெரிக்கக் கொம்பனியின்ர பேர்பன் கவுண்டி ஸ்ரவுட், ரெண்டு அதிலயே காப்பி போட்டது, மற்ற ரெண்டும் பார்லிவைன் எண்டு கிடக்கு, பேர்தான் வைன், சாமான் பியராம். அத்தான் "உடன குடிச்சுப் பழுதாக்கிப்போடாத, அஞ்சு வருசம் வை" எண்டு சொல்லிப்போட்டுப் போனவர், லேபல்லயும் 5 வருசம் மட்டும் போத்தலுக்குள்ள முதிரும் எண்டமாதிரித்தான் எழுதியிருக்கு. ஆனா எங்கட வீடு கிளிநொச்சியில, சீற் போட்ட வீடு, மத்தியானம் அலுமாரிக்குள்ள கை வைச்சா உடுப்பே சுடுது. என்ன செய்யலாம்? பிரிட்ஜ்ஜில இடமும் இல்லை, அம்மா மீன் வைக்கிற இடத்தில இதை வைச்சா எனக்குப் பூசைதான்.

வவுனியாக்காரன்:
தம்பி முதல்ல அலுமாரியில இருந்து அதை வெளியில எடும். நான் லண்டன்ல பப் ஒண்டில கனகாலம் நிலவறை பாத்தனான், அங்க 11, 12 டிகிரிக்கு மேல போக விடமாட்டினம். லேபல்ல அஞ்சு வருசம் எண்டு போட்டவன் அப்பிடி ஒரு குளிரான இருட்டறையை நினைச்சுத்தான் போட்டவன், கிளிநொச்சிச் சித்திரை வெய்யிலை நினைச்சில்லை. சூடு 10 டிகிரி கூடினா உள்ள நடக்கிற மாற்றம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு வேகமாகும் எண்டு ஒரு கணக்கு இருக்கு, அப்ப 32இல வைச்சா நாலு மடங்கு. அஞ்சு வருசத்து முதிர்ச்சி ஒண்டேகால் வருசத்தில வந்திடும் எண்டு சந்தோசப்படாதயும், நல்ல மாற்றமும் கூடாத மாற்றமும் ஒரே அளவா வேகமாகிறேல்ல, நனைஞ்ச காட்போட் மட்டை வாசம்தான் முந்தி வரும்.

இன்னொண்டு, உது ஏற்கனவே வயசான சாமான். பேர்பன் விஸ்கிக்கு ஒவ்வொருமுறையும் புதுசா உள்பக்கம் கருக்கின ஓக் பரல்தான் பாவிக்கவேணும் எண்டு அமெரிக்காவில சட்டம், அதால பாவிச்ச பரல் அங்க தாராளமாக் கிடைக்கும், அதுக்குள்ள இந்த ஸ்ரவுட்டை மாசக்கணக்கா விட்டுத்தான் எடுக்கிறவை. வனிலா வாசம், தேங்காய் வாசம், விஸ்கிச் சூடு எல்லாம் அங்கயே ஏறியாச்சு. காய்ச்சினவனே ருசி பாத்து இப்ப சரி எண்டுதான் போத்தல்ல அடைச்சவன், அவன் விட்ட இடத்தில இருந்து நீர் என்னத்தைக் கூட்டப்போறீர்?

காப்பி போட்டதை இந்தக் கிழமையே குடியும். காப்பிவாசம்தான் முதல் போறது, போனபிறகு பச்சைக் கறிமிளகாய் கடிச்ச மாதிரி ஒரு ருசி நிக்கும்.

பனிக்காட்டான்:
ரொறன்ரோவில இருந்து எழுதிறன், உங்கட அத்தான் இல்லை. வவுனியா அண்ணை சொல்றதில முக்கால்வாசி சரி, ஆனா வைக்கிறதே வீண் எண்ட மாதிரிக் கதைக்கிறதை ஒத்துக்கொள்ளமாட்டன். என்ர வீட்டு பேஸ்மென்ற்றில வருசம் முழுக்க குளிர், அதுக்குள்ள நான் பார்லிவைன் வைச்சுத்தான் குடிக்கிறனான். புதுசில இருக்கிற ஹொப்ஸ் (பியருக்குக் கசப்புக் குடுக்கிற பூ) கசப்பு அடங்கி, தொண்டையைச் சுடுற அற்ககோல் காரமும் தணிஞ்சு, உலர்ந்த முந்திரிகை, பேரீச்சம்பழம், ஷெரி எண்ட ஸ்பெயின் வைன் மாதிரி ஒரு இனிப்பு மேல வரும். இங்கிலாந்தில தோமஸ் ஹார்டிஸ் ஏல் எண்டு 1968இல முதல் காய்ச்சினவை, 25 வருசம் வைக்கலாம் எண்டு சொல்லியே வித்த பியர் அது. அப்ப பார்லிவைனுக்கு வயசு பொருந்தும், சாதா பேர்பன் கவுண்டியும் ரெண்டு மூண்டு வருசம் தாங்கும், அதுக்குப்பிறகு பரல் வாசம் மங்கி பியரின்ர தடிப்பும் குறையும், சிலது சோயா சோஸ் மாதிரியும் போகும். ஆனா இது எல்லாம் குளிர் இருந்தாத்தான், அது உங்களிட்ட இல்லை.

போத்தல்ல திகதி அடிச்சிருக்கும், பாருங்கோ. இவை வருசாவருசம் நவம்பர் கடைசியில வெளியில விடுற சாமான். 2015இல வந்ததில சிலது லக்டோபசிலஸ் பக்டீரியா பிடிச்சுப் புளிச்சு, கொம்பனி காசு திருப்பிக் குடுத்தது. அடுத்த வருசத்தில இருந்து பாஸ்ச்சரைஸ் பண்ணித்தான் (சூடாக்கிக் கிருமியைக் கொண்டு) வருது, அதால புளிக்கிற பயம் இப்ப இல்லை.

மாங்குளம்சந்தி:
உதுக்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி, சாக்கில கட்டிக் கிணத்துக்குள்ள இறக்கிவிடு மச்சான். சாராயத்தையும் வருசக்கணக்கா வைச்சுத்தானே விக்கிறாங்கள், பியரை வைச்சா மட்டும் ஏன் பழுதாகும்?

வவுனியாக்காரன்:
கிணத்துத் தண்ணி குளிக்கேக்கதான் குளிருது, உண்மையில எங்கட பக்கம் 27, 28 டிகிரிக்குக் கிட்ட நிக்கும், வருசச் சராசரிச் சூடு என்னவோ நிலத்தடித்தண்ணியும் அதுதான். அலுமாரியை விடத் திறம், நிலவறை ஆகாது. லேபலும் கழண்டு போகும். சாராயம் முதிர்றது ஹல்மில்ல மரப் பீப்பாவுக்குள்ள, எங்கட காட்டில நிக்கிற அதே மரம்தான், போத்தல்ல அடைச்சாப் பிறகு அதில பெரிசா ஒண்டும் நடக்கிறேல்ல. பியருக்குள்ள மாச்சீனி, புரதம், ஹொப்ஸ் எண்டு கனக்கக் கிடக்கு, மூடிக்கால கொஞ்சங்கொஞ்சமா ஒக்சிஜன் உள்ள போக அதெல்லாம் மாறிக்கொண்டேதான் இருக்கும்.

இரணைமடுப்பெடியன்:
திகதி பாத்தன், எல்லாம் போன நவம்பருக்கு முதல் அடைச்சது. அப்ப காப்பி ரெண்டும் சனிக்கிழமை சரி. சாதா ஸ்ரவுட் மாமாட பெடியள் வாற நேரம். பார்லிவைன் ஒண்டை மட்டும் அம்மாட்டக் கெஞ்சி பிரிட்ஜ்ஜில கீழ்த்தட்டில நிமித்தி வைக்கப்போறன், கரண்ட் போய்ப்போய் வந்தா பழுதாகுமோ? அத்தானுக்கு ஒருத்தரும் சொல்லிப்போடாதேங்கோ.

பனிக்காட்டான்:
ஒண்டு ரெண்டு மணித்தியாலம் கரண்ட் போனா பரவாயில்லை, கதவைத் திறந்து திறந்து பாக்காமல் இருந்தாச் சரி. பிரிட்ஜ்ஜுக்குள்ள 4, 5 டிகிரியில அது முதிர்றதும் பழுதாகிறதும் நல்ல மெதுவாத்தான் நடக்கும், கிட்டத்தட்ட அப்பிடியே கிடக்கும், அத்தான் அடுத்தமுறை வரேக்க எடுத்துக் காட்டலாம். குடிக்கிற அண்டைக்கு வெளியில எடுத்து ஒரு கால் மணித்தியாலம் விட்டிட்டுத் திறவுங்கோ, உங்கட வெக்கைக்கு அது காணும், ஐஸ் போட்டுக் கெடுக்காதேங்கோ. அரை லீற்றர் போத்தல் ஒண்டில இருக்கிற அற்ககோல் கால் போத்தல் சாராயத்தை விடக் கூட, அதால ஒண்டை மூண்டு நாலு பேர் சின்னக் கிளாஸ்ல பங்கிடுங்கோ, முடிச்சிட்டு ஒருத்தரும் மோட்டச்சைக்கிள் எடுக்கிற எண்ணம் வேண்டாம்.