இதய ஓட்டையை அடைக்கக் கம்பி வலைக் குடை போட்டு, அப்புறம் ஆபரேஷன் வரை போனவங்க இருக்கீங்களா?

சிரியம் அக்கா:
என் மகளுக்கு 19 வயது. இதயத்தின் மேலறைச் சுவரில் 22 மி.மீ. ஓட்டை. ரங்கூனில் எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்துச் சொன்னார்கள், சென்னைக்குக் கூட்டிப் போனோம். "நெஞ்சைத் திறக்க வேண்டாம்மா, தொடை ரத்தக்குழாய் வழியா குடை அனுப்பி அடைச்சிடலாம்" என்றார்கள். மாப்பிள்ளை பார்க்கிற வயசு. தழும்பு விழாது என்றதும் நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

சாயங்காலம் போட்டு முடித்தாயிற்று. ராத்திரி முழுக்க லேசான இருமல். ஏசி குளிர் என்று நினைத்துப் போர்வையை இழுத்துவிட்டேன். காலையில் எக்கோ எடுத்த பையன் அந்தக் கருவியை நெஞ்சில் வைத்து அங்கேயும் இங்கேயும் தேடினான், தேடிக்கொண்டே இருந்தான். பேச்சே இல்லை. அப்புறம் எழுந்து பெரிய டாக்டரைக் கூப்பிடப் போனான். குடை கழன்று, நுரையீரலுக்குப் போகிற பெரிய குழாயில் போய் உட்கார்ந்திருந்தது.

சுருக்குக் கம்பியை உள்ளே விட்டு இழுத்துப் பார்த்தார்கள். பிடி கிடைக்கவில்லை. மதியமே நெஞ்சைத் திறந்தார்கள். ரத்த ஓட்டத்தை மெஷினுக்கு மாற்றி, இதயத்தை நிறுத்தி, குடையை எடுத்துவிட்டு, இதயத்தைச் சுற்றியிருக்கிற பையிலிருந்தே ஒரு துண்டு வெட்டி ஓட்டைக்கு ஒட்டுப் போட்டுத் தைத்தார்கள். எடுத்ததைச் சின்ன டப்பாவில் போட்டு சர்ஜன் காட்டினார். இரண்டு தட்டையை முதுகோடு முதுகு ஒட்டினால் எப்படி இருக்கும், அப்படி. கம்பி வலை, உள்ளே வெள்ளைத் துணி. பெரிய பக்கம் 38 மி.மீ. இருக்குமாம். இதுவா என் பிள்ளை நெஞ்சுக்குள் ஓடியது என்று கையில் வாங்கவே பயமாக இருந்தது.

பிறகு ரிப்போர்ட்டைப் படித்தேன். ஓட்டையின் கீழ் ஓரம் மெல்லிசு என்று முதல் எக்கோவிலேயே எழுதியிருக்கிறது. குடை பிடித்து நிற்க ஓரத்தில் சதை வேண்டாமா? அதை யாரும் எங்களிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த ஆஸ்பத்திரி மேல் எனக்கு அந்த ஒரு கோபம்தான். சர்ஜன் அதே கட்டடத்தில் இருந்தார், அதனால் பிழைத்தாள், அதையும் சொல்லணும்.

மோல்மேன்காரன்:
அக்கா, எங்க அண்ணனுக்கு குடை நகரவே இல்லை, இடத்துலயே இருந்து அரிச்சிருச்சு. போட்டு எட்டு மாசம். டீக்கடையில உட்கார்ந்திருந்தவர் நெஞ்சை அழுத்துது, தலை சுத்துதுன்னார். வாயுன்னு சொல்லி ஓமத்தண்ணி குடுத்தோம். மறுபடி எழுந்தவர் அப்படியே சாஞ்சுட்டார். எக்கோல பார்த்தா இதயத்தைச் சுத்தி ரத்தம். ஊசி போட்டு உறிஞ்சி எடுத்துட்டு, உடனே ஆபரேஷன். குடையோட விளிம்பு மேலறைக் கூரையையும் பக்கத்துல இருக்குற பெருந்தமனியையும் உரசி ஓட்டை போட்டிருக்கு. ரெண்டையும் தச்சு, குடையை எடுத்து, ஒட்டுப் போட்டாங்க. இது ரொம்ப அபூர்வம், ஆயிரத்துல ஒண்ணுல இருந்து மூணு பேருக்குத்தான்னு சொன்னாங்க. ஓமத்தண்ணி குடுத்த கை எனக்கு இன்னும் உறுத்துது.

பெகு தாத்தா:
பேரனுக்குப் போட்டு ஆறு வருஷம் ஆச்சு. பந்து விளையாடுறான். ஒரு குறையும் இல்லை. பயந்து போயிருக்கிற பெத்தவங்க இதையும் படிக்கட்டும்னு எழுதுறேன்.

ஐசியு தங்கச்சி:
தாத்தா சொல்றதுதான் பெரும்பாலானவங்களுக்கு நடக்கறது. நான் இதய வார்டுல நர்ஸ். கழன்று ஓடுறது பெரும்பாலும் முதல் ஒரு நாளைக்குள்ள தெரிஞ்சிடும், அதனாலதான் மறுநாள் எக்கோ. அதைத் தள்ளிப் போட விடாதீங்க. பெருந்தமனிப் பக்கம் ஓரமே இல்லாம இருந்தாலோ, ஓட்டைக்கு மிஞ்சின சைஸ் குடை போட்டாலோ அரிக்கிற பயம் கூடும். அப்படிப்பட்டவங்களுக்கு டாக்டர் அடிக்கடி எக்கோ எழுதுவார். நல்லாத்தானே இருக்கேன்னு போகாம விடறவங்களைத்தான் நான் நிறையப் பார்க்கிறேன். நெஞ்சு வலி, மயக்கம், மூச்சு வாங்கறது வந்தா எத்தனை மாசம் ஆனாலும் நேரா எக்கோ இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்க. "உள்ளே குடை இருக்கு"ன்னு வாசல்லயே சொல்லிடுங்க.

இன்னொண்ணு. சில மாசத்துல குடை மேல சதை மூடி வளர்ந்திடும். அதுக்கப்புறம் எடுக்கணும்னா சர்ஜன் அறுத்துத்தான் பிரிக்கணும். முதல் ஆறு மாசம் ஆஸ்பிரினை நீங்களா நிறுத்தாதீங்க. அந்த ஆறு மாசத்துல பல் பிடுங்கணும்னா முதல்ல இதய டாக்டர்கிட்ட சொல்லுங்க, கிருமி போகாம இருக்க முன்கூட்டியே மருந்து தருவாங்க. அலகு குத்தறதும் அப்போ வேண்டாம்.

சிரியம் அக்கா:
தங்கச்சி, நல்ல வேளை சொன்னே. ஐசியு வாசலில் உட்கார்ந்துகொண்டே பீலிக்கான் முனீஸ்வரருக்கு வேண்டிக்கிட்டேன், இவள் அலகு குத்திக் காவடி எடுப்பாள்னு. இவளுக்குக் குடையை எடுத்து ஒட்டுப் போட்டாச்சே, இப்பவும் கூடாதா?

ஐசியு தங்கச்சி:
அக்கா, நெஞ்செலும்பு கூடறதுக்கே மூணு மாசம் ஆகும். அதுவரை தோள்ல பாரம் வேண்டாம். அலகை டாக்டர்கிட்ட கேட்காம யோசிக்கவே யோசிக்காதீங்க.

சிரியம் அக்கா:
அப்போ காவடி அவள் தம்பிக்கு. அவனிடம் சொல்லியும் ஆயிற்று. தண்ணிக் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே சுற்றிப் பழகுகிறான். இவள் கட்டிலில் இருந்தபடியே "நேரா நடடா"ங்கறாள்.