பல்லாங்குழி ரூல்ஸ் தெரிஞ்சவங்க கொஞ்சம் வாங்களேன்

மக்களே லீவுக்கு ஊருக்கு வந்த இடத்துல பரண்ல அம்மாச்சியோட பல்லாங்குழி கட்டை கிடைச்சுது, ஓரத்துல கரையான் அரிச்சிருக்கு ஆனா 14 குழியும் நல்லாருக்கு. 2012ல கரண்ட் கட் ஆனாலே எல்லாரும் திண்ணைக்கு வந்துருவோம், அம்மாச்சி மடியில புளியங்கொட்டைய கொட்டிக்கிட்டு உக்காரும் (நல்லா அழுகுணி ஆட்டம் ஆடும், ரெண்டு கொட்டை சேலைக்குள்ளயே போயிரும்).

இப்ப பிள்ளைங்க போனை புடுங்கி அரிசி டிரம்ல போட்டுட்டு ஆட உக்காந்தா எனக்கே பாதி மறந்துபோச்சு. குழிக்கு 5 போட்டு 70 கொட்டை, கடைசிக் கொட்டைய போட்டதும் அடுத்த குழிய அள்ளி ஆடணும், அது காலியா இருந்தா தடவிட்டு அதுக்கடுத்த குழில உள்ளது நமக்கு, இது வரைக்கும் ஞாபகம் இருக்கு. 4 சேர்ந்து பசு ஆனா அது குழிக்காரங்களுக்கா இல்ல ஆடுறவங்களுக்கா? ரெண்டாவது ஆட்டத்துல தோத்தவங்ககிட்ட 7 குழிக்கும் கொட்டை பத்தலைன்னா என்ன பண்ணுவீங்க? இதுக்கே இங்க பெரிய சண்டை ஓடிட்டிருக்கு, உங்க வீட்டுல எப்படி ஆடுவீங்கன்னு சீக்கிரம் சொல்லுங்கப்பா, சின்னவன் டிரம் பக்கமே பாத்துக்கிட்டு இருக்கான்.