மாறுகண் ஆபரேஷன்: நேரான கண் அப்படியே நிற்குமா?

பெரம்பூர் அம்மா:
பையனுக்கு ஐந்து வயது. தூக்கம் வரும்போதும் தூரத்தில் எதையாவது பார்க்கும்போதும் இடது கண் வெளிப்பக்கம் போய்விடுகிறது, வெயிலில் இறங்கினால் அந்தக் கண்ணை மூடிக்கொள்கிறான். ஒரு வருடமாகக் கண்ணாடி போட்டும் குறையவில்லை, ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் டாக்டர். மாறுகண் அதிர்ஷ்டம், கை வைக்காதே என்கிறார் மாமியார் (அந்த அதிர்ஷ்டத்தை இன்னும் நாங்கள் பார்க்கவில்லை). என் பயம் வேறு. எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து இரண்டே வருடத்தில் கண் திரும்பவும் விலகிவிட்டது. செய்துகொண்டவர்கள் சொல்லுங்களேன்.

ரயில்வே காலனி:
என் மகளுக்கும் இதேதான், ஆறு வயதில் செய்தோம். முதல் வாரம் எனக்கு அழுகையே வந்துவிட்டது, வெளியே போய்க்கொண்டிருந்த கண் மூக்குப் பக்கம் திரும்பி நிற்கிறது, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்கிறாள் குழந்தை. நாள்பட வெளியே சரியும் என்பதால் முதலில் கொஞ்சம் கூடுதலாகவே உள்ளே திருப்பி வைப்போம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், அப்போது அது என் காதில் ஏறவில்லை. மூன்று வாரத்தில் சரியானது. இப்போது நாலு வருடம் ஆகிறது, காய்ச்சல் வந்தால் மட்டும் லேசாக விலகும்.

கண் டெஸ்ட்காரன்:
தெருப் பெண்ணுக்கு நடந்தது அபூர்வம் இல்லை. கண்ணை அசைக்கும் ஆறு தசைகளில் வெளிப்பக்கத் தசையைச் சில மில்லிமீட்டர் பின்னால் தள்ளித் தைப்பார்கள், அல்லது அதோடு உள்பக்கத் தசையைச் சுருக்குவார்கள். அவ்வளவுதான் கத்தியால் முடியும். இரண்டு கண்ணையும் சேர்த்துப் பிடித்து வைப்பது மூளையின் வேலை, அது பிடியை விட்டால் கண் மறுபடி போகும். இந்த வகை மாறுகண்ணுள்ள சுமார் 200 பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் செய்து 2019-ல் வெளியான ஆய்வில், மூன்று வருடத்துக்குள் பலன் போதாது என்று ஆனது இரண்டு கண்ணிலும் செய்தவர்களில் 46 சதவீதம், ஒரே கண்ணில் செய்தவர்களில் 37 சதவீதம். பயந்துவிடாதீர்கள், அத்தனை பேருக்கும் மறு ஆபரேஷன் தேவைப்படவில்லை. பையனுக்கு இரு கண்ணும் சேர்ந்து பார்க்கும் திறன் குறைந்துகொண்டே வருகிறதா என்று கேளுங்கள். குறையவில்லை என்றால் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்பதிலும் தப்பில்லை. இன்னொரு டாக்டரிடம் காட்ட வேண்டுமென்றால் எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தானே.

லேட்டா செய்தவன்:
நான் 38 வயதில் செய்துகொண்டேன். சின்ன வயதிலேயே சோம்பேறிக் கண் (மூளை ஒதுக்கிவிட்டதால் பார்வை மங்கிப்போன கண்) ஆகிவிட்டதால் பார்வை ஒரு வரிகூடக் கூடவில்லை, கண்ணாடியும் போகவில்லை. ஆனால் கடையில் நான் பேசினால் வாடிக்கையாளர் தன் முதுகுக்குப் பின்னால் யார் என்று திரும்பிப் பார்ப்பார், அது நின்றது. எனக்கு அது போதும்.

பெரம்பூர் அம்மா:
ஒரு கண்ணில் செய்வதா இரண்டிலுமா என்று கேட்கவே எனக்குத் தோன்றவில்லை. திங்கட்கிழமை எழுதி எடுத்துக்கொண்டு போகிறேன். ரயில்வே காலனி, எத்தனை நாள் ஸ்கூலுக்கு லீவு போட்டீர்கள்?