பழைய செமி ஆட்டோ ரைபிள், வெறுங்கூடு சிக்குதாம். வாங்கலாமா? அவசரம்

வழிப்போக்கன்:
வணக்கம். இங்க அமெரிக்காவுல மான் வேட்டை சீசனுக்கு ஒரு பழைய செமி ஆட்டோ ரைபிள் (சுட்டதும் அடுத்த தோட்டா தானா ஏறுறது) பார்த்து வெச்சிருக்கேன். மாடல் இப்போ தயாரிப்புல இல்ல. வெளியில பளபளன்னு இருக்கு, கட்டையில ஒரு கீறல்கூட இல்ல. விக்கிறவர், "எப்பவாவது சுட்ட தோட்டாவோட வெறுங்கூடு வெளிய வராம சிக்கும், கொஞ்சம் எண்ணெய் விட்டா சரியாயிடும்"ங்கிறார். சனிக்கிழமை பணத்தோட வரச் சொல்லியிருக்கார், வேற ஆளும் கேட்கிறாங்களாம். நம்பி வாங்கலாமா? சீக்கிரம் சொல்லுங்க.

மான்கொம்பு:
எந்தக் கம்பெனி, எந்த மாடல், எந்தத் தோட்டா? இது மூணும் தெரியாம என்னத்தைச் சொல்றது? வின்செஸ்டர் 100-ஆ இருந்தா விஷயமே வேற. அதுல ஃபயரிங் பின் (தோட்டாவோட அடியைக் குத்தி வெடிக்க வைக்கிற ஊசி) உடைஞ்சு, போல்ட் (தோட்டாவுக்குப் பின்னால அடைச்சு நிக்கிற இரும்பு) முழுசா பூட்டறதுக்குள்ள வெடிக்கலாம்னு 1990-ல எச்சரிக்கை விட்டு பின்னைத் திரும்பக் கேட்டாங்க. பின் மாத்தியாச்சான்னு உறுதியாகாம அதை லோடே பண்ணக்கூடாது.

தோட்டாப்பெட்டி:
சிக்குறதுக்குக் காரணம் நூத்துக்குத் தொண்ணூறு மேகசின்தான், அதாவது தோட்டா அடுக்குற பெட்டி. பழைய ரைபிளுக்கு யாரோ செஞ்ச மலிவு மேகசினைப் போட்டு ஓட்டுவாங்க. வாய் விளிம்பு கொஞ்சம் விரிஞ்சிருந்தாலும் தோட்டா மூக்கு இடிச்சு நிக்கும். ஒரிஜினல் மேகசின் வாங்கிப் போட்டா ஓடும்.

குறிஞ்சிமகள்:
விக்கிறவர் சொல்றது சுட்ட கூடு வெளிய வராததை. நீங்க சொல்றது புதுத் தோட்டா உள்ள போகாததை. ரெண்டும் வேற.

பழையஇரும்பு:
ஒவ்வொரு சீசனுக்கும் இதே கேள்வி, இதே மாதிரி பாதி விவரத்தோட. மேல தேடல் பெட்டி இருக்கு, பத்து நிமிஷம் ஒதுக்கிப் படிச்சிருந்தா இதைக் கேட்டிருக்க மாட்டீங்க. மாடல் பெயரைச் சொல்லுங்க தம்பி, அப்புறம் பேசலாம்.

வழிப்போக்கன்:
மன்னிக்கணும் சார். ரெமிங்டன். உட்ஸ்மாஸ்டர்னு சொன்னார்.

மான்கொம்பு:
740-ம் உட்ஸ்மாஸ்டர்தான், 742-ம் உட்ஸ்மாஸ்டர்தான். ரிசீவரோட (போல்ட் ஓடுற நடு உடம்பு) இடப்பக்கம் மாடல் நம்பர் இருக்கும், போட்டோ எடுத்துப் போடுங்க. தோட்டா அளவு 30-06-ஆ, 308-ஆ, 243-ஆ? இதை நீங்க இன்னும் சொல்லல.

பழையஇரும்பு:
பெரும்பாலும் 742-ஆத்தான் இருக்கும். 740 வந்தது 1955-ல, அதுக்கு அடுத்து 1960-லிருந்து 1980 வரைக்கும் 742. பத்து லட்சத்துக்கும் மேல செஞ்சாங்க, அதனாலதான் இன்னைக்கும் எங்க பார்த்தாலும் விற்பனைக்குக் கிடக்கு. கட்டையையும் பளபளப்பையும் விடுங்க. இந்த ரைபிளோட உயிர் ரிசீவருக்குள்ள இருக்கு.

போல்ட் தலையில பெரிய பூட்டுப் பல்லு ரெண்டு இருக்கிறதுக்குப் பதிலா, சின்னச் சின்னப் பற்கள் வரிசையா இருக்கும். சுட்டதும் மருந்து எரிஞ்ச கேஸோட அழுத்தம் போல்ட்டைத் திருப்பி, பூட்டை விடுவிச்சு, பின்னால தள்ளும். அந்த வேகத்துல பற்கள் ரிசீவருக்குள்ள போல்ட் ஓடுற தண்டவாளத்துல மோதி மோதிக் கொத்தும். போல்ட் இரும்பு கடினம், ரிசீவர் அதைவிட மெது. முதல்ல தழும்பு, அப்புறம் பள்ளம். பள்ளம் ஆழமானா போல்ட் அங்கேயே மாட்டி நிக்கும். தேய்ஞ்ச பாகத்தை மாத்தலாம்னு நினைக்காதீங்க. சீரியல் நம்பர் இருக்கிறதே ரிசீவர்லதான், சட்டப்படி அதுதான் துப்பாக்கி. அது போச்சுன்னா ரைபிளே போச்சு.

பார்க்கிற விதம்: மேகசினைக் கழட்டுங்க. சேம்பர் (சுடும்போது தோட்டா உட்கார்ற குழி) காலிதானான்னு கண்ணாலயும் விரலாலயும் பாருங்க. ஒரு கையால போல்ட்டைப் பின்னால இழுத்துப் பிடிச்சு (ஸ்பிரிங் கடுமை, விட்டா விரல் நசுங்கும்), கீழே மேகசின் ஓட்டை வழியாவும் கூடு வெளிய வர்ற பக்கத்து வாய் வழியாவும் டார்ச் அடிங்க. தண்டவாளம் ஒரே சீரா வழவழன்னு மினுக்கினா அது சாதாரணத் தேய்மானம். குறுக்கால அடுத்தடுத்து வெட்டு விழுந்து, பல்குச்சியோ நகமோ மாட்டுற மாதிரி இருந்தா கிளம்பி வந்துடுங்க.

குறிஞ்சிமகள்:
தண்டவாளம் முக்கியம்தான், ஆனா கூடு சிக்குதுன்னா நான் முதல்ல சேம்பரைத்தான் பார்ப்பேன். கேஸ் துப்பாக்கியில கூட்டைக் கையால அசைச்சு அசைச்சு எடுக்க வழியில்ல, ஒரே இழுப்புதான். சேம்பர்ல துரு புள்ளி விழுந்திருந்தா, சுடும்போது விரியுற பித்தளை அந்தக் குழிக்குள்ள போய்க் கவ்விக்கும். எக்ஸ்ட்ராக்டர் (கூட்டை இழுக்கிற கொக்கி) கூட்டோட விளிம்பைப் பிய்ச்சிட்டு வெறுமனே வந்துடும். அவர்கிட்ட சுட்ட கூடு இருந்தா வாங்கி, விளிம்பு பிஞ்சிருக்கா, உடம்புல சொரசொரப்பு இருக்கான்னு பாருங்க.

அப்புறம், சேம்பருக்குள்ள எண்ணெய் விடற வழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்க. கூடு சுவரைப் பிடிக்காம வழுக்கினா அந்த உதை முழுசும் போல்ட் மேல விழும். எண்ணெய் வேண்டிய இடம் வேற.

தோட்டாப்பெட்டி:
அப்படியே இருந்தாலும், 180 கிரெய்ன் (குண்டோட எடை) சூடான லோடு, அதாவது அழுத்தம் அதிகமான தோட்டா போட்டு அடிச்சவங்க துப்பாக்கிதான் சீக்கிரம் இப்படி ஆகும். 150 கிரெய்ன் சாதாரணக் கம்பெனித் தோட்டா மட்டும் போட்டவங்களுக்கு அப்பா காலத்துத் துப்பாக்கியே இன்னும் ஓடுது.

கடலோடி:
எல்லாரும் துப்பாக்கியைப் பத்தியே பேசறீங்க. தம்பி என்ன விசாவுல இருக்கார்? ஹெச்1பின்னா துப்பாக்கி வெச்சிருக்கிறதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ஏதாவது ஒரு மாநிலத்தோட வேட்டை உரிமம் செல்லுபடியா இருந்தா விலக்கு உண்டு. உரிமம் காலாவதியானா விலக்கும் போச்சு.

பழையஇரும்பு:
இது துப்பாக்கிப் பழுது இழை. விசாவுக்குத் தனி இழை இருக்கு.

கடலோடி:
சனிக்கிழமை பணத்தோட போறவருக்கு இது பழுதைவிடப் பெரிய விஷயம். விக்கிறவர் வேற மாநிலம்னா உரிமம் உள்ள டீலர் வழியா 4473 படிவம் (துப்பாக்கி வாங்குறவர் விவரம்) எழுதித்தான் வாங்கணும், நேரடியா கை மாத்தக்கூடாது. அதையும் இங்கதான் சொல்வேன்.

வழிப்போக்கன்:
கிரீன் கார்டு அண்ணா. வேட்டை உரிமமும் இருக்கு. 30-06. விக்கிறவர் பென்சில்வேனியா பக்கம், நான் ஒஹையோ.

மான்கொம்பு:
ஒஹையோவா? இதை முதல் பதிவுலயே சொல்லியிருக்கணும்! அங்க ரைபிள்ல மானுக்கு நேர்ச்சுவர் கூடு உள்ள தோட்டாதான் அனுமதி. 30-06 கழுத்து குறுகினது, ஆகாது. பென்சில்வேனியாவுல மானுக்கு செமி ஆட்டோ ரைபிளே கூடாது. இதை வாங்கி எங்க வேட்டையாடப் போறீங்க?

தோட்டாப்பெட்டி:
மேற்கு வர்ஜீனியாவுக்குப் போவாரா இருக்கும்.

மான்கொம்பு:
பென்சில்வேனியாக்காரங்க ரெமிங்டன் 760 பம்ப்பை (கையால முன்னும் பின்னும் இழுத்து லோடு பண்றது) தூக்கினதே அந்தச் சட்டத்தாலதான். போல்ட்டைக் கை நகர்த்துது, கேஸ் அடிக்கிறதில்ல, அதனால தண்டவாளம் அந்த மாதிரி தேயறதில்ல. கையில பணம் இருந்தா பம்ப்தான்.

தோட்டாப்பெட்டி:
பம்ப்ல உதை தோளைப் பிளக்கும். செமி ஆட்டோ அதுல கொஞ்சத்தைத் தானே வாங்கிக்கும். ரெண்டாவது குண்டு சீக்கிரம் போகும்.

மான்கொம்பு:
முதல் குண்டை ஒழுங்கா வெச்சவருக்கு ரெண்டாவது எதுக்கு? காயம்பட்ட மானை இருட்டுல தேடி அலைஞ்சவங்களைக் கேளுங்க.

பழையஇரும்பு:
ரெண்டு பேரும் நிறுத்துங்க. தம்பி, செமி ஆட்டோதான் வேணும்னா 1981-ல வந்த 7400 பாருங்க. பற்களைக் குறைச்சுப் பெரிசாக்கினாங்க. அதுலயும் சேம்பரைப் பார்த்துத்தான் வாங்கணும்.

வழிப்போக்கன்:
போய்ப் பார்த்தேன். 742. டார்ச் அடிச்சா ரெண்டு பக்கமும் வெட்டு, நகம் மாட்டுது. விக்கிறவரும் குனிஞ்சு பார்த்தார், இதுவரைக்கும் உள்ள பார்த்ததே இல்லயாம். வாங்கல. மேற்கு வர்ஜீனியாவுக்குத்தான் போறதா இருந்தேன். எல்லாருக்கும் நன்றி.

குறிஞ்சிமகள்:
நல்லதுங்க. சேம்பர் எப்படி இருந்துச்சு? அடுத்து கேட்கிறவருக்கும் அந்தத் தண்டவாளத்தைக் காட்டச் சொல்லி அவருக்கு ஒரு வார்த்தை அனுப்புங்க.