எசேக்கியா தோண்டிய சுரங்கம்: விசுவாசமா, அவநம்பிக்கையா?

ஒலிவமரம்:
கி.மு. 701-இல் அசீரிய அரசன் சனகெரிப் யூதாவின்மேல் படையெடுத்தபோது, அவனை எதிர்த்து நிற்கத்தக்க சேனை எருசலேமில் இல்லை. குதிரை ஏற ஆட்கள் இருந்தால் 2,000 குதிரைகளைத் தானே தருவதாக அவனுடைய தளபதி ரப்சாக்கே மதிலருகே நின்று, மதில்மேல் இருந்த எளியவர்களுக்கும் விளங்கும்படி யூத மொழியிலேயே ஏளனம் செய்தான். யூதாவின் ராஜாவாகிய எசேக்கியாவோ, தமக்கு வந்த மிரட்டல் கடிதத்தை ஆலயத்துக்கு எடுத்துச் சென்று, கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்து ஜெபித்தார். ஒரே இரவில் அசீரியப் பாளயத்தில் 1,85,000 பேர் மாண்டார்கள் என்று வேதம் சொல்கிறது. பலவானுக்கு எதிரே பலவீனன் செய்யத்தக்கது இது ஒன்றே. மதிலையும் ஆயுதத்தையும் தேடுவது அவிசுவாசத்தின் தொடக்கம்.

கல்வெட்டு வாசகன்:
சகோதரரே, அந்தக் கடிதத்தை விரித்து வைத்த அதே கைகள் வேறு என்ன செய்தன என்பதையும் வேதமே சொல்கிறதே. நகருக்கு வெளியே இருந்த ஊற்றுகளை அடைத்தார், இடிந்த மதிலைக் கட்டினார், ஆயுதங்களைச் செய்வித்தார். கீகோன் ஊற்றின் நீரை நகருக்குள் கொண்டுவரப் பாறையைக் குடைந்த ஏறத்தாழ 533 மீட்டர் நீளச் சுரங்கம் அவர் காலத்தது என்றே ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருதுகிறார்கள். இரு முனைகளிலிருந்தும் குடைந்து வந்தவர்கள் ஒருவர் குரலை மற்றவர் கேட்டு நடுவில் சந்தித்ததை, 1880-இல் அங்கே கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு விவரிக்கிறது. வாசிக்கும்போதெல்லாம் என் உள்ளம் நெகிழும் வரிகள் அவை. ஜெபித்தவரும் தோண்டியவரும் ஒருவரே என்றால், தோண்டியதை எப்படி அவிசுவாசம் என்பீர்கள்?

ஒலிவமரம்:
ஏசாயா 22-ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். இரண்டு மதில்களுக்கும் நடுவே நீர்த்தேக்கத்தை உண்டாக்கியவர்களைத் தீர்க்கதரிசி கண்டிக்கிறார். எசேக்கியா ஆலயக் கதவுகளின் பொன்னையே உரித்து, 300 தாலந்து (அக்கால எடை அளவு) வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கொடுத்துப் பார்த்தாரே, சனகெரிப் திரும்பிப் போனானா?

கல்வெட்டு வாசகன்:
கண்டனம் தோண்டியதற்காக அன்று. தோண்டியவர்கள் அதை ஏற்படுத்தின தேவனை நோக்கவில்லை என்பதற்காக. வசனத்தை முழுவதும் படித்தால் இது தெளிவாகும். கப்பம் பயன்படவில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம் சாமம்:
இருவருமே எருசலேமைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். யூதாவின் அரணான 46 பட்டணங்களைப் பிடித்ததாகவும் 2,00,150 பேரை வெளியேற்றியதாகவும் சனகெரிப் தன் கல்வெட்டுகளில் எழுதி வைத்திருக்கிறான். அந்த எண்ணிக்கை மிகையாகவே இருக்கட்டும், அவற்றுள் ஒன்றான லாகீசுக்கு நேர்ந்தது மிகையன்று. முற்றுகைக்காக அவன் படை எழுப்பிய சாய்தளம் இன்றும் அங்கே நிற்கிறது. அந்நகரத்தார் கழுவேற்றப்பட்டதையும், குழந்தைகளோடு வண்டிகளில் கொண்டுபோகப்பட்டதையும் தன் தலைநகரான நினிவேயில் இருந்த அரண்மனையின் சுவர்ச் சிற்பங்களில் செதுக்கி மகிழ்ந்தான். லாகீசிலும் ஜெபித்த தாய்மார்கள் இருந்திருப்பார்கள் அல்லவா?

எங்கள் குடும்பத்தின் நிலத்தை ஊரில் செல்வாக்குள்ள ஒருவர் தம்முடையது என்றபோது, என் தகப்பனார் பதினொரு ஆண்டுகள் வழக்கும் நடத்தினார், விடியுமுன் முழங்காலில் நின்று ஜெபமும் செய்தார். நிலம் போய்விட்டது. அவர் விசுவாசத்தில் குறை இருந்தது என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களே சொன்னார்கள். உங்கள் கணக்கின்படி அவரைக் குற்றவாளியாக்கியது ஜெபக் குறைவா, வழக்கறிஞரை வைத்ததா?

ஒலிவமரம்:
சகோதரி, உங்கள் தகப்பனாரிடம் அப்படிச் சொன்னவர்கள் தவறு செய்தார்கள். எசேக்கியாவுக்குச் சுமார் நூறு ஆண்டுகளுக்குப் பின்பு, ஆலயம் இருப்பதாலேயே நகரம் விழாது என்று நம்பியவர்களைத் தீர்க்கதரிசி எரேமியா எச்சரித்தார், கி.மு. 586-இல் பாபிலோனியர் அந்த ஆலயத்தையே சுட்டெரித்தார்கள். அங்கே எரேமியா கண்டித்தது திருட்டையும் கொலையையும் செய்துவிட்டு ஆலயத்தில் அடைக்கலம் தேடியவர்களை. அநியாயத்துக்கு உட்பட்ட உங்கள் தகப்பனாரை அதில் சேர்க்க முடியாது. லாகீசுக்கு என்னிடம் பதில் இல்லை. மதிலையும் ஆயுதத்தையும் தேடுவது அவிசுவாசம் என்று முதலில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ரப்சாக்கே பேசி முடித்தபோது மதில்மேல் நின்ற ஜனங்கள் ஒரு வார்த்தையும் மறுமொழி சொல்லாமல் நின்றார்களே, அவர்களுக்கும் அந்த இரவு எப்படி முடியும் என்று தெரியாது. உங்கள் தகப்பனாரை அவர்கள் நடுவில்தான் நான் காண்கிறேன்.

மூன்றாம் சாமம்:
அவர் இன்றும் விடியுமுன் எழுந்திருக்கிறார், ஐயா. நீங்கள் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன்.