பாதி எத்தனை முறை பாதியாகும்?

மதுரை அண்ணா நகரில் நண்பர் வீட்டு மொட்டைமாடியில், ஞாயிறு மாலைகளில் நாங்கள் ஐவர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம்; ஆளுக்கொரு கதாபாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம் அது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளே எங்களுக்கு வேதம். ரெசிஸ்டன்ஸ் என்றால் அடி பாதி, இம்யூனிட்டி என்றால் அடியே இல்லை என்ற அளவில்தான் எனக்குப் புரிந்திருந்தது.

என் கதாபாத்திரம் டீஃப்ளிங் இனத்தவள் என்பதால் நெருப்புக்கு ரெசிஸ்டன்ஸ் பிறவியிலேயே உண்டு. போதாக்குறைக்கு நெருப்பைத் தாங்கும் மருந்தையும் குடிக்கவைத்திருந்தேன்; பாதியில் பாதி, கால்பங்குதான் படும் என்பது என் கணக்கு. எதிரி மந்திரவாதி ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரத்தை எறிந்தான். அடியின் அளவைச் சொல்லும் எட்டுப் பகடைகள் பாயில் உருண்டன, ஒன்று ஜிகர்தண்டா டம்ளரில் முட்டி நின்றது. கூட்டினால் 31. சேவிங் த்ரோவில், அதாவது விலகித் தப்ப உருட்டும் பகடையில், தப்பியதால் பாதியாகி 15, ரெசிஸ்டன்ஸால் 7 (பின்னத்தைத் தள்ளிவிட வேண்டும்). மருந்தின் பங்கையும் கழித்து 3 என்று நான் எழுதப்போக, ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டர் கையை மறித்தார். ஒரே வகைச் சேதத்துக்கு எத்தனை ரெசிஸ்டன்ஸ் இருந்தாலும் ஒன்றாகவே கணக்கு. சேவிங் த்ரோவால் அடி குறைவது விலகிக்கொண்டதன் பலன், அது ரெசிஸ்டன்ஸ் ஆகாது, ஆகவே அது மட்டும் தனியே சேரும் என்றார். என்னிடம் மீந்திருந்த ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப்புள்ளி, சரியாக 7. சுருண்டு விழுந்தாள். அரை மணி நேரம் வழக்காடினேன். யோசித்துப் பார்த்தால் விதி நியாயமானதுதான். இல்லாவிட்டால் நாலு மருந்துக் குப்பி வாங்கியவன் இம்யூனிட்டி பெற்றவனுக்கு நிகராகிவிடுவான்.

அடுத்த வாரம் எலும்புக்கூடுகள் வந்தன. விஷம் தடவிய கத்தியால் நண்பர் குத்தினார்: குத்துக்கு 5, விஷத்துக்கு 3. எலும்புக்கூட்டுக்கு விஷத்தில் இம்யூனிட்டி என்றதும், குத்தே வீணாயிற்றென்று எண்ணிக் கத்தியை இருட்டுக்குள் வீசியெறிந்தார். இம்யூனிட்டி சேதத்தின் வகைக்கே உரியது, வீச்சு முழுவதற்கும் அன்று. 3 போயிற்று, 5 நின்றது. அதற்கிருந்த 13 ஹிட் பாயிண்டில் மிச்சம் 8. தண்டத்தால் நான் ஓங்கியது 6 தான். நசுக்கும் அடிக்கு அது பலவீனமானது, ஆகவே இரட்டித்து 12 ஆகி எலும்புகள் உதிர்ந்தன. நண்பருக்கு மட்டும் இரண்டு சுற்றுகள் கத்தியைத் தேடுவதிலேயே கழிந்தன.