ஏழாம் வகுப்போடு நின்றுபோன தேர்வு

2022 மே மாதம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிய பதினொரு பிள்ளைகளுக்கு, கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் இரண்டரை மாதம் மாலை நேரங்களில் துணையாக இருந்தேன். அப்போது நான் இளங்கலைக் கணிதம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். 2018-இல் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியவள் என்பதுதான் என்னிடம் இருந்த ஒரே தகுதி. அதுவே முதல் நாளில் என் காலை வாரிவிட்டது.

கணிதத்தில் செய்முறை வடிவியலும் வரைபடமும் சேர்ந்து இருபது மதிப்பெண், அதை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள் என்று பெரிய மனுஷி போலப் பேசிக்கொண்டிருந்தேன். முன்னால் உட்கார்ந்திருந்த பையன் ஒருவன், "அக்கா, இப்ப அது ஒவ்வொண்ணுக்கும் எட்டு மார்க்குதான்" என்றான். தமிழ் இரண்டாம் தாளைப் பற்றித் தொடங்கியபோது, அப்படி ஒரு தாளே இப்போது கிடையாது, தமிழும் ஆங்கிலமும் ஒவ்வொரு தாளாகிவிட்டன என்று இன்னொருத்தி திருத்தினாள். அட்டை போட்டுப் பத்திரமாக வைத்திருந்த என் பழைய நோட்டுகளைப் பையிலிருந்து வெளியே எடுக்காமலேயே வீட்டுக்குக் கொண்டுபோனேன். மறுநாள் அவர்களுடைய மாதிரி வினாத்தாளை வாங்கி, நானே மாணவியாக உட்கார்ந்து படித்தேன்.

முன்னால் இருந்த அந்தப் பையனின் அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்; பையனும் விடியற்காலையில் உடன் போய், சிரட்டையில் வடிந்த பாலை எடுத்து ஊற்றிவிட்டுப் பள்ளிக்கு வருவான். எதைக் கேட்டாலும் வாயால் சரியாகச் சொல்லிவிடுவான். ஆனால் முதல் மாதிரித் தேர்வில் அவன் தாளில் பாதி வெறுமையாக இருந்தது. முதல் மூன்று பக்கத்தில் ஓரக்கோடு, இரண்டு நிறத்தில் தலைப்பு, அளவுகோல் வைத்த அடிக்கோடு எல்லாம் அழகாக இருந்தன. நான்காம் பக்கத்திலிருந்து எழுத்து சரியத் தொடங்கியிருந்தது. ஒரு மணி நேரம் தாண்டியதும் பேனாவை வைத்துவிட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிசைந்துகொண்டே, "கை கடுக்குது அக்கா" என்றான்.

அன்று இரவுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் இருக்கும்போது 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு, எல்லோரும் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்டது. ஒன்பதாம் வகுப்பிலும் அதேதான். பத்தாம் வகுப்புக்கு 2021 செப்டம்பரில் பள்ளி திறந்தது. நவம்பரில் நம் மாவட்டத்தையே முக்கியெடுத்த மழைக்கு விடுமுறை, ஜனவரியில் மறுபடியும் தொற்றுக்காக விடுமுறை. ஆக, அவர்கள் கடைசியாக முழு ஆண்டுத் தேர்வு எழுதியது ஏழாம் வகுப்பில். பாடத்தை விட மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதும் பழக்கம்தான் அவர்களுக்கு விட்டுப்போயிருந்தது.

அதன் பிறகு பாடம் சொல்லிக்கொடுப்பதைப் பாதியாகக் குறைத்தேன். முதல் வாரம் அரை மணி நேரம் நிறுத்தாமல் எழுதுவது, அடுத்த வாரம் ஒரு மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே போய், ஏப்ரல் நடுவில் ஞாயிற்றுக்கிழமைகளில் முழுத் தேர்வு வைத்தோம். மேசைமேல் என் வீட்டு அலாரக் கடிகாரம் இருக்கும். வண்ணப் பேனாக்களை வாசலில் ஒரு டப்பாவில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். கணிதத்தில் கை களைக்குமுன் எட்டு மதிப்பெண் வினாக்கள் இரண்டையும் முடித்துவிடச் சொன்னேன். கடைசிப் பத்து நிமிடத்தில் கவராயத்தைத் திறந்தால் வில் ஒரு பக்கம் போகும், கோடு ஒரு பக்கம் போகும்.

பெற்றோர் சிலருக்கு இதில் திருப்தி இல்லை. முக்கிய வினாக்களைக் குறித்துக் கொடுத்தால் போதாதா என்று கேட்டார்கள். கணிதத்தில் 28-ஆம் வினாவும் 42-ஆம் வினாவும் கட்டாய வினாக்கள். எந்தப் பாடத்திலிருந்து வேண்டுமானாலும் வரும், குறித்துக் கொடுத்தது அங்கே உதவாது என்று சொல்லிப் பார்த்தேன். ஓரளவுக்குத்தான் ஒத்துக்கொண்டார்கள். மே மாத வெயிலில், அயனிச்சக்கை என்ற சிறிய காட்டுப்பலா பழுத்து விழும் பருவத்தில், பிள்ளைகளை வீட்டுக்குள் பிடித்து வைப்பதே பெரும்பாடு என்பது அவர்கள் கவலை.

கணிதத் தேர்வு முடிந்த அன்று அந்தப் பையன் வீட்டுக்குப் போகாமல் நேரே படிப்பகத்துக்கு வந்தான். எத்தனை மதிப்பெண் வரும் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. "ஒண்ணும் விடல அக்கா, மணியடிக்க ஏழு நிமிஷம் பாக்கி இருந்துச்சு" என்றான்.

அடுத்த ஆண்டு எனக்குக் கல்லூரி இறுதியாண்டு. வாரத்தில் இரண்டு நாள்தான் போக முடிந்தது. மீதி நாள்களில் அவன்தான் புதிய பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்தான். ஒரு நாள் வாசலில் நின்று கவனித்தேன். ஒவ்வொருவரும் சீவிய பென்சில் இரண்டு வைத்திருக்கிறார்களா என்று வரிசையாகப் பார்த்துவிட்டுத்தான் கடிகாரத்தைத் திருப்பி வைத்தான். பென்சில் விஷயத்தை நான் அவனுக்குச் சொல்லித் தந்ததே இல்லை.